மாப்பிள்ளைக்குக் கழுத்து திரும்பாது

பணிப் பதிவேட்டின்படி அவர் ‘வரைபடக் காப்பாளர், இரண்டாம் நிலை’. வரைபடங்களை எண் வாரியாக அடுக்குவது, கேட்பவருக்கு எடுத்துத் தருவது, தூசு படியாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை கடமைகள். ‘வடிவமைப்பு குறித்துக் கருத்துக் கூறத் தேவையில்லை’ என்பது கடைசி வரி. அதை எழுதியவர் அவரை ஒருமுறையும் நேரில் சந்தித்ததில்லை என்று தாராளமாக முடிவுகட்டலாம்.

கனரக வண்டிகளுக்கு ஓட்டுநர் கேபின் செய்யும் தொழிற்சாலை அது. மாடியில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்ததால் அவர் எல்லோருக்கும் ரேக் அக்கா. தலைமை வடிவமைப்பாளர் அவரைவிட ஏழு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். ரேக் அக்கா பொறியியல் படித்ததில்லை. ஆனால் படித்தவர்கள் செய்த தவறுகளையும், அவற்றைத் திருத்தப் போய்ச் செய்த புதுத் தவறுகளையும் வருட வாரியாகப் படித்திருந்தார். இப்படியொரு பாடத்திட்டம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

அவருடைய தம்பி குவாரியில் டிப்பர் ஓட்டுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், கிளம்பும்போது ஆணியில் மாட்டிய சட்டையை இடது கையால் எடுக்க முடியாமல் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு விஷயம் வெளியே வந்தது. தோள் மூட்டு தேய்ந்துகொண்டிருக்கிறது. இதே அசைவு தொடர்ந்தால் இரண்டு வருடத்தில் கை தூக்க வராது, ஓட்டுவதை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எந்த அசைவுடா?”

“ரிவர்ஸ்தான்க்கா. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. தலையை ஜன்னலுக்கு வெளிய விட்டுப் பின்னாடி பாக்கணும், அதே நேரம் கியரையும் போடணும். கியர் எங்கயோ முன்னாடி தரையில கெடக்கு. நான் என்ன ரப்பரா?”

“டாக்டர் சொன்னபடி விட்டுடேன்.”

“விட்டுட்டு? உன்கூட வந்து தூசு தட்டவா?”

தம்பிக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது; தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவருடைய குவாரி அடுத்த வருடம் வாங்கவிருந்த புதிய டிப்பரின் கேபின் ரேக் அக்காவின் மாடியில்தான் வரைபடமாகக் கிடந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக உருவிப் பார்த்தார். கியர் பிடி அதே தரையில், அதே தூரத்தில். மூன்று வாரத்தில் வரைபடம் முடிவாகி கேபினுக்கான அச்சு வெட்டப்படும். வெட்டிவிட்டால் பத்து வருடத்துக்கு ஒரு துளையைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

அந்த இடத்தைக் குறித்தது யார் என்பதும் அவருக்குத் தெரியும். வடிவமைப்புக் கூடத்து மாதிரி கேபினில் ஒட்டுப்பலகை மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் மாப்பிள்ளை. நிமிர்ந்து உட்காருவார், நேரே பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார், சுற்றிலும் பத்துப் பேர் நின்று அவருக்கு எது வசதி என்று கவலைப்படுவார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் மடங்கும். கழுத்து மட்டும் லொடலொடவென்று ஆடுகிறதே என்று யாரோ ஒரு ஆணியை அடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கை எட்டிய இடத்தில் கியர். அளவு மில்லிமீட்டர் சுத்தம்.

ரேக் அக்கா கழிவுக் கிடங்கிலிருந்து பழைய லாரி இருக்கை ஒன்றை எழுதி வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் டிவிக்கு எதிரே போட்டார்.

“இனிமே நான் எங்க உக்காரறது?” என்றார் கணவர்.

“பக்கத்துல கிளீனர் சீட்டு போட்டுத் தரேன்.”

தம்பியை உட்கார வைத்தார். “கண்ணை மூடு. பின்னாடி பாக்குற மாதிரி திரும்பு. கையை நீட்டாதே, சும்மா விழ விடு.” விழுந்த இடத்தில் அட்டையைப் பிடித்துச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். ஒரு கையை நம்பி எதையும் செய்யக் கூடாது என்பது அலமாரி கற்றுத்தந்த பாடம். ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டு குவாரி எடைமேடைக்குப் போய், வரிசையில் நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாக ஏறினார்.

“என்னக்கா, கைரேகை பாக்குறீங்களா?”

“ஆமா. ஆயுசு கெட்டி, தோள்தான் சந்தேகம். கண்ணை மூடு.”

முப்பத்தொரு கைகள். எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன: இருக்கையின் ஓரத்தில், தொழிற்சாலை குறித்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால். உயரம் குறைந்தவர் இருக்கையை முன்னால் இழுத்தால் அந்த இடமும் கூடவே நகர்ந்தது. அப்படியென்றால் கியர் இருக்க வேண்டியது தரையில் இல்லை, இருக்கையில். பழைய கியருக்குக் கீழே கியர்ப்பெட்டி வரை இரும்புத் தண்டு உண்டு, நினைத்த இடத்தில் வைக்க முடியாது. புதியதற்கு ஒயர் மட்டும்தான். ஆனாலும் தண்டு இருந்த இடத்திலேயே ஒயரையும் வைத்திருந்தார்கள்.

இரும்புப் பட்டையை வளைத்துத் தாங்கி செய்து, அதன்மேல் மரப்பிடி பொருத்தினார். தம்பி வந்து உட்கார்ந்து அழகு பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையை இயல்பாக அதில் மாட்டினார்.

“டேய், அது கியர்டா!”

“எது நீட்டிக்கிட்டு இருந்தாலும் பை மாட்டுவோம்க்கா. நீ எங்களைக் கேக்காம செஞ்சா இப்படித்தான்.”

முப்பத்தொரு பேரைக் கேட்டவருக்கு இது கொஞ்சம் உறைத்தது. பை கனத்தில் வண்டி தானாக ரிவர்ஸில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, பிடியின் தலையை வழுக்கும் குமிழாக மாற்றினார். பைக்கென்று கதவோரத்தில் தனிக் கொக்கி வரைந்தார்.

வரைபடம் முடிவாகும் நாளில், கேட்டவர்களுக்குப் பிரதிகளை எடுத்துத் தரும் சாக்கில் வடிவமைப்புக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்குள் போனார். மேலாக இருந்த பிரதி அவருடையது.

“யாரு வரைஞ்சது?” என்றார் தலைமை வடிவமைப்பாளர்.

“நான்தான் சார்.”

“அக்கா, குழியில சீட்டு மேலயும் கீழயும் ஆடும். கியரும் சேர்ந்து ஆடுமே?”

“டிரைவரும் ஆடுறாரே சார். மூணும் சேர்ந்து ஆடினா கைக்கு ஆட்டமே தெரியாது. இப்பத்தான் ஆள் ஒரு பக்கம், கியர் ஒரு பக்கம்.”

“மாப்பிள்ளைக்குக் கை எட்டுதே, அப்புறம் என்ன?”

“அவரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க.”

ரேக் அக்காவே குறட்டால் மாப்பிள்ளையின் கழுத்து ஆணியைப் பிடுங்கி, தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார். தலையோடு தோளும் திரும்பியது. நீட்டியிருந்த கை பின்வாங்கி, கியருக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் காற்றில் நின்றது. தலைமை வடிவமைப்பாளர் அந்தக் கையை இழுத்துப் பார்த்தார். தோள் மூட்டு ‘டக்’ என்றது.

“பதினாலு வருஷமா இவர் முன்னாடி மட்டும்தான் பாத்திருக்கார்” என்றார் மெதுவாக. பிறகு பழைய வரைபடத்தில் கியர் இருந்த இடத்தை அடித்துவிட்டு, புதிதாக வரையச் சொன்னார். ‘வரைந்தவர்’ கட்டத்தில் யாருடைய கையெழுத்து என்பதில் சின்னக் குழப்பம் வந்தது. காப்பாளர் கையெழுத்திட விதியில்லை. தலைமை வடிவமைப்பாளர் போட்டார். ரேக் அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், எண் போட்டு அலமாரியில் வைத்தது நான்தானே என்பார். அது பதிலா என்பது வேறு விஷயம்.

அடுத்த வருடம் அந்த வண்டிகள் குவாரிக்கு வந்தன. தம்பி இன்றும் ஒரு நாளைக்கு நாற்பது முறை ரிவர்ஸ் எடுக்கிறார், சட்டையை இடது கையால் எடுக்கிறார். ரேக் அக்கா செய்தது இவ்வளவுதான்: கியர் பிடியைத் தரையிலிருந்து கழற்றி, ஒரு சாண் பின்னால் தள்ளி, இருக்கையோடு சேர்த்தார்.