மக்டலீன் அக்கா வீட்டு மார்கோ

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று லிஃப்டுக்குள் நின்றபடியே சொல்லிவிடலாம். யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று அறிய அதுவும் தேவையில்லை. அதற்கு எங்கள் சனம் இருக்கிறது. அந்தச் சனத்துக்குப் பயந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் மக்டலீன் அக்கா.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் கணவரோடு நோர்வேக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் மாரடைப்பில் போன பிறகு இரண்டாம் மாடியில் தனியே இருந்தார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே நாள் முழுக்கக் கிடாரம் கிடாரமாக உருளைக்கிழங்கு அவித்துவிட்டு வந்து, தனக்கென்று ஒரு பிடி அரிசி போடப் பஞ்சிப்படுவார். "ஒரு ஆளுக்குச் சமைக்கிறதும் ஒரு சமையலே, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஐந்தாம் மாடியில் ஆர்னே இருந்தார். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற நோர்வேக்காரர், மனைவியை இழந்தவர். லிஃப்ட் பழுதான ஒரு நாள் அவருடைய சாமான் பையை அக்கா மேலே தூக்கிக் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். 2004இல் இடுப்பு எலும்புக்குச் சத்திரசிகிச்சை செய்யப் போகுமுன், அவர் ஒரு போத்தலைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

ஷாத்தோ மார்கோ, 1961. பிரான்சின் போர்தோப் பக்கத்துச் சிவப்பு வைன். அந்தப் பகுதி வைன்களை 1855இல் தரம் பிரித்தபோது முதல் தரத்தில் வைக்கப்பட்ட நான்கு சிவப்பு வைன்களில் ஒன்று. லேபிளில் அந்தத் தோட்டத்து மாளிகையின் படம் இருந்தது: உயர்ந்த தூண்கள், அகலமான படிகள். கப்பல் போர்தோத் துறையில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்னே பஸ் பிடித்துப் போய், கேற்றுக்கு வெளியே நின்று, மரங்களுக்கிடையால் அந்த மாளிகையைப் பார்த்திருக்கிறார். 1961 அவர் கலியாணம் கட்டிய வருடம். அந்த வருடத்துப் போத்தலைத் தேடி வாங்கி வந்து, திருமண வெள்ளிவிழாவுக்கு மனைவியோடு உடைப்பதற்கென்று வைத்திருந்தார். வெள்ளிவிழா வருமுன் மனைவி போய்விட்டார்.

"இது தனியக் குடிக்கிற சாமான் இல்லை. ஆனா வீட்டிலை இருந்தா நான் ஒருநாள் தனிய இருந்து குடிச்சுப்போடுவன்," என்றாராம்.

ஆர்னே ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அக்கா போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அவர் வாங்கவில்லை. "உன்னட்டையே இருக்கட்டும். எனக்கு எண்பது வயசு வரேக்கை ரெண்டு பேருமா உடைப்பம்."

மதுவை முகர்ந்தும் பார்த்திராத அக்கா, எந்த யோசனையுமில்லாமல் ஓம் என்றுவிட்டார். யோசனை பிறகுதான் வந்தது. தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டில் வைன் போத்தலை எங்கே வைப்பது? குசினியில் வைத்தால் வருகிற போகிற பெண்கள் காண்பார்கள். படுக்கையறையில் வைத்தால் இன்னும் மோசம். அக்கா லேபிளை உற்றுப் பார்த்தார். தூணும் படியுமாக அந்த மாளிகை ரோமாபுரித் தேவாலயம் மாதிரியே இருந்தது. போத்தலைக் கொண்டுபோய் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ புனித இடத்திலிருந்து வந்த, பூசைக்குரிய திராட்சை இரசம் என்று அவரவர் தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அக்கா கெட்டிக்காரி.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் ஆர்னே இறங்கி வந்து மணியடிப்பார்.

"அவ எப்பிடி இருக்கிறா?"

"சுகமா இருக்கிறா."

போத்தலைத்தான். பிறகு பனியைப் பற்றி, இடுப்பு நோவைப் பற்றி, ரயில் பிந்துவதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பார்கள். அவர் கதவுக்கு வெளியே, அக்கா உள்ளே. இரண்டு வருடமாக அக்கா அவரை உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. எண்பதை எட்டப்போகிற, தடியூன்றி நிற்கிற மனிதர். ஆனாலும் ஆம்பிளை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தேத்தண்ணி கொடுக்கக்கூட ஊரைக் கேட்கவேண்டிய சீவியம் என்ன சீவியம்?

2006 ஒக்டோபர், செபமாலை மாதம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் செபமாலை சொல்லி, கடைசி ஞாயிறு அக்கா வீட்டில் பூசை என்று ஏற்பாடு. ஆர்னேயின் எண்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன. அக்கா பங்குச் சுவாமியைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பூசைச் சாமான் ஆயத்தப்படுத்துவது எங்கள் செபக் கூட்டத்துப் பேனாட் அண்ணையின் பொறுப்பு. பெட்டியைத் திறந்தால் அப்பம் இருக்கிறது, இரசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில் எந்தக் கடையிலும் வைன் வாங்க முடியாது. பேனாட் அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தார். எதிரே மாதா, பக்கத்தில் போத்தல்.

அந்த வீட்டில் தக்கை திறக்கிற சாமான் எங்கே இருக்கப்போகிறது? அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினார். அது உதிர்ந்து மிதந்தது. தேத்தண்ணி வடியால் கொஞ்சம் வடித்துக் குப்பியில் ஊற்றி வைத்தார். நாங்கள் பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காணிக்கை நேரத்தில்தான் அக்கா கண்டார். மாதாவுக்குப் பக்கத்தில் வெறும் இடம். சுவாமி பாத்திரத்தில் ஊற்றுகிறார். அந்த நேரம் வாய் திறக்கிற வேலையா? முழங்காலில் நின்றபடி அழுதார். பக்தி என்று நினைத்தோம்.

பூசை முடிந்ததும் சுவாமி போத்தலைக் கையில் எடுத்து, லேபிளை வாசித்து, மெதுவாகத் திருப்பி வைத்தார். "மக்டலீன், இப்பிடி ஒரு இரசத்திலை நான் இதுவரைக்கும் பூசை வைக்கேல்லை," என்றார்.

அக்கா குசினிக்குள் போனபோது ஆண்கள் இரண்டு பேர் கடதாசிக் கோப்பையோடும் கோக்கோடும் நின்றார்கள். பேனாட் அண்ணை மிச்சத்தைப் பங்கு வைக்க ஆயத்தம்.

"விடுங்கோ அதை."

"என்ன அக்கா, மாதாவுக்கு வச்ச இரசந்தானே? திறந்தது பழுதாப் போகும்."

"அது மேலை இருக்கிற ஆர்னேன்ரை. ரெண்டு பேரும் சேந்து குடிக்கிறதெண்டு வச்சிருந்தது."

அக்கா போத்தலைப் பறித்தார். பட்டுச்சேலையும் கையில் போத்தலுமாக, எங்கள் எல்லாருக்கும் நடுவால் நடந்து, லிஃப்டுக்கும் நில்லாமல் படியேறிப் போனார். பின்னால் கிளம்பிய குசுகுசுப்பு அவருக்குக் கேட்டே இருக்கும்.

மேலே நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். ஆர்னே கோபிக்கவில்லை. இரண்டு கிளாஸ் எடுத்து வந்து ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "வைன் கொஞ்சம் களைச்சுப் போச்சு. ஆனா உயிர் இருக்கு." அக்காவும் குடித்தார். முதல் வாய் கைத்ததாம், பிறகு கைக்கவில்லையாம். மனைவியின் படத்தை அவர் காட்டினார். சுவாமி குடித்த கதையைக் கேட்டுச் சிரித்தார்.

போத்தல் முடிந்ததும் ஆர்னே அதைப் பார்த்தபடியே கேட்டார். "இனி சனிக்கிழமையிலை நான் என்னத்தைச் சாட்டி உன்ரை வீட்டு மணியை அடிக்கிறது?"

அக்கா கிளாஸை மேசையில் வைத்தார். எழும்பிக் கீழே வந்துவிட்டார். சனமெல்லாம் போய்விட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அக்கா தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். லிஃப்ட் ஏறுகிற சத்தமும் இறங்குகிற சத்தமும்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. "என்ரை மனுசன் செத்த கிழமையிலைகூட நான் இவ்வளவு தனிய இருக்கேல்லை, பிள்ளை," என்றார் என்னிடம். "அண்டைக்குச் சனமாவது வந்தது." நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை கேக் அடித்தார். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்களுக்குப் பழக்கமில்லை. வெட்டிப் பெட்டியில் அடுக்கி, கதவுவரைக்கும் போய் நின்று யோசித்தார். கேக் கொண்டுபோனால் கேக் கொடுக்க வந்ததாகிவிடும். கேக் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் படியேறினார்.

ஆர்னே கதவைத் திறந்து முதலில் அவருடைய கைகளைத்தான் பார்த்தார்.

"என்ன கொண்டு வந்தனீ?"

"ஒண்டுமில்லை. உங்களைப் பாக்க வந்தனான்."

அவர் தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "மருந்து தர ஒருத்தி வாறாள். கூட்டித் துடைக்க ஒருத்தி வாறாள். மனுசி செத்தாப்பிறகு என்னைப் பாக்க எண்டு ஒருத்தரும் இந்த மணியை அடிக்கேல்லை."

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.