துண்டுத் துணியில் ஒரு நீச்சலுடை

“உங்க சித்தி ஏன் இந்த வெயில்ல கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க?”

படகில் வைத்து என்னிடம் இப்படிக் கேட்டவர், சித்தி வேலை செய்த கம்பெனியின் சூப்பர்வைசர். எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் முடியாது. சொன்னால் சித்திக்கு வேலை போய்விடும்.

“அவங்களுக்கு எப்பவும் குளிர்ச்சி உடம்பு சார்,” என்று ஏதோ உளறினேன். அவர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. பள்ளி முடித்த கையோடு, அதாவது இப்போது எனக்கு இருக்கிற வயதில், நீச்சலுடை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தவள். எங்கள் வீட்டின் பின்னறையில்தான் இருந்தாள். ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, அம்மாவின் பழைய மிதி தையல் மெஷின். மெஷினை அந்த அறையில் வைத்ததே இடம் இல்லாததால்தான். சித்தி அதன்மேல் புடவைக் கடைப் பை, சீப்பு, தைலம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பாள்.

கம்பெனியில் யாரும் ஒரு உடையை முழுதாகத் தைப்பதில்லை. ஒருத்தி பக்கத் தையல் போடுவாள். அடுத்தவள் தோள்பட்டை வைப்பாள். அதற்கடுத்தவள் கழுத்தை மடிப்பாள். சித்தியின் வேலை கால். உடையில் கால் நுழைகிற இரண்டு ஓட்டைகளைச் சுற்றி எலாஸ்டிக் வைத்துத் தைப்பது. வருடக்கணக்காக அது மட்டும்தான். அங்கே அவளுக்குப் பெயரே எலாஸ்டிக் அக்கா.

“நீங்க தைச்ச டிரஸ்ஸை யாராவது போட்டுப் பாத்திருக்கீங்களா சித்தி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“டிரஸ்ஸா? நான் காலைத்தான் பாத்திருக்கேன். அதுவும் மனுஷங்க இல்லாத காலு.”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவளுக்கு அதில் ஒரு குறை இருந்தது. துணி காய்ந்து வரும், காய்ந்தே தைக்கப்படும், காய்ந்தே பெட்டிக்குள் போகும். கடல் தண்ணீரில் இறங்கினால் அவள் தையல் பிடிக்குமா, இழுக்குமா, பல்லை இளிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது. ஆனால் அது கப்பல்களின் கடல். மேலே எண்ணெய் மிதக்கும். மீன்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு நீந்தும் என்று அம்மா சொல்வாள்.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. வெட்டிப் போட்ட துண்டுத் துணிகூட வாசலைத் தாண்டக் கூடாது. குப்பையாக எரிந்தாலும் எரியலாம், வெளியே போகக் கூடாது. தினமும் சாயங்காலம் பையைத் திறந்து காட்ட வேண்டும். அதைப் பார்ப்பவர் அந்த சூப்பர்வைசர்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்திரி வைத்திருப்பார். யாருடைய துணியில் நூல் தொங்கினாலும் நின்று வெட்டிவிட்டு, கூடவே ஒரு வார்த்தையும் வெட்டிவிட்டுப் போவார். எல்லோரும் அவரைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள், அவர் காது கேட்காத தூரத்தில்.

கத்திரி பையைத்தான் பார்த்தார். தலையைப் பார்க்கவில்லை. சித்தி குப்பைக் கூடையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து முடியில் கட்டிக்கொள்வாள். ஒருநாள் நீலம், ஒருநாள் பச்சைக் கோடு, ஒருநாள் ஆரஞ்சு மீன். கம்பெனியில் எல்லோரும் எலாஸ்டிக்குக்கு இந்த வயதில் அலங்காரம் கேட்கிறது என்று கிண்டல் செய்தார்கள். சித்தி வெட்கப்படுகிற மாதிரி நடித்தாள். வீட்டுக்கு வந்ததும் முடியை அவிழ்த்து, துண்டைத் துவைத்து, தலையணைக்கு அடியில் வைப்பாள்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின்மேல் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். பக்கம், கழுத்து, தோள், கால் எல்லாம் அவளே. முழங்கை வரை கை, முழங்கால் வரை கால். நெஞ்சில் நீலமும் மீனும், இடுப்பில் பச்சைக் கோடு, முதுகில் ஏதோ இலை. தைத்து முடித்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் நின்றபோது அம்மா கதவைத் திறந்து பார்த்தாள்.

“என்னடி இது, நாலு வீட்டுத் திரைச்சீலையைச் சேத்து ஒட்டின மாதிரி?”

“நனைச்சுப் பாக்கணும்க்கா.”

“பக்கெட்ல முக்கிப் பாரு.”

“பாத்தாச்சு. பக்கெட்ல எவ நீந்துவா?”

இது நடந்து கொஞ்ச நாளில்தான் கம்பெனி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. இந்த வருடச் சுற்றுலா ஒரு தீவுக்கு. காலையில் கேட்டமரான் படகில் போய், சாயங்காலம் திரும்புவது. ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வரலாம். சித்தி என்னைச் சேர்த்துக்கொண்டாள். நான் அப்போது பள்ளியில் கடைசிக்கு முந்தின வருடம். எங்கே கூப்பிட்டாலும் கிளம்புகிற ஆள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி முழுக்க சித்தி முகம் மலர்ந்து இருந்தாள். அம்மாதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

“அந்தத் துணியைப் பாத்த உடனே இது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லக்கூடியவங்க உலகத்துல யாரு? உன் கம்பெனிக்காரங்க. அவங்க கூடப் போயா இதைப் போடப் போறே? உனக்கு மூளை இருக்கா?”

சித்தி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை, அந்த உடைக்கு மேல் கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

படகைப் பார்த்ததும் ஓவர்லாக் அக்கா கத்தினாள். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் வேலை செய்பவள். கம்பெனியின் வாய் அவள்தான். “கட்டுமரம் மாதிரின்னு சொன்னாங்களேன்னு நான் நீந்தத் தெரியாம பயந்து செத்தேன். இது கல்யாண மண்டபம்டீ!”

இரண்டு ஒல்லிப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே மேடை போட்ட மாதிரி இருந்தது. முன்பக்கம் இரண்டு படகுக்கும் நடுவில் பெரிய வலை. அதன்மேல் படுத்தால் கடல் உங்களுக்குக் கீழே ஓடும். அலை அடித்தால் மொத்தமாக நனைந்துவிடுவீர்கள். எல்லோரும் அதன்மேல்தான் விழுந்து கிடந்தார்கள்.

“ஏய் எலாஸ்டிக், வா! உன்னை மாதிரியே இழுக்குது பாரு இந்த வலை!”

சித்தி தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கமே உட்கார்ந்திருந்தாள். நனைந்தால் போச்சு. சட்டை வெள்ளை. ஒருமுறை படகு திரும்பும்போது ஒரு கை அலை உள்ளே விழுந்தது. சித்தியின் தோளில் சட்டை ஒட்டிக்கொள்ள, ஒரு ஆரஞ்சு மீன் தெளிவாக எட்டிப் பார்த்தது. நான் பாய்ந்து என் குளியல் துண்டைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகுதான் கத்திரி என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தீவைப் பற்றி என்ன சொல்வது? நான் அதுவரை தண்ணீரை அந்த நிறத்தில் பார்த்ததில்லை. கண்ணாடியில் கொஞ்சம் பச்சை மை கலந்த மாதிரி. படகு கரைவரை வராது. ஏணியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து போனோம். மணல் மாவு போல இருந்தது. தென்னைகள் யாரும் கேட்காமலே கடலைப் பார்த்துக் குனிந்து நின்றன.

கரையில் வேறு படகுகளில் வந்தவர்கள் நீச்சலுடையில் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தியும் கடலைப் பார்க்கவில்லை. எல்லோரும் தையலைப் பார்த்தார்கள்.

“அந்தச் சிவப்பு நம்ம பீஸ்தான்.”

“கழுத்து என் கையி. சத்தியமா என் கையி.”

“போடி, உன் கையா இருந்தா இந்நேரம் அவுந்திருக்கும்.”

சித்தி மட்டும் முகம் தெரியாத ஒரு பெண்ணின் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு மாதிரி திரும்பிப் பார்க்கவே, நான் சித்தியைக் கிள்ளினேன்.

“ஏறவே இல்ல பாத்தியா?” என்றாள் மெதுவாக. “எவ்வளவு நடந்தாலும் காலு மேல ஏறல.”

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் வீட்டுத் துணியோடு தண்ணீரில் இறங்கினார்கள். கூச்சலும் சிரிப்பும். சித்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலை தொடும் இடத்தில் நின்றாள். அலை வரும், பாதம் நனையும், ஒரு அடி பின்னால் போவாள். படகுக்காரர் வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்ப வேண்டும், தண்ணீர் வற்றினால் படகு தரைதட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“இறங்குங்க சித்தி. இதுக்காகத்தானே வந்தீங்க?”

“வேலை போனா உங்கம்மாவா சோறு போடுவா?”

“போடுவாங்க.”

“போடுவா. தினமும் சொல்லிக் காட்டிக்கிட்டே போடுவா.”

அது உண்மை.  கத்திரி தூரத்தில் ஒரு தென்னையடியில் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். சித்தி அவரைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். செருப்பை என் கையில் கொடுத்தாள்.

“பிடி,” என்றாள். பிறகு பட்டன்களைக் கழற்றத் தொடங்கினாள். மேலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். சட்டையை மடித்து என்னிடம் கொடுத்தாள். கால்சட்டையையும் மடித்துக் கொடுத்தாள். வெயிலில் அந்த உடை கண்ணைப் பறித்தது. அவள் நேராகக் கடலுக்குள் நடந்தாள்.

முதலில் பார்த்தவள் ஓவர்லாக் அக்கா.

“அடிப்பாவி, அது என் லைன்ல ஓடின மீனு!” என்று அலறிவிட்டு, சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கூச்சல் நின்றது. ஒவ்வொருத்தியின் கண்ணும் சித்தியின் உடம்பில் தன்னுடைய துணியைத் தேடுவது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. இலையைக் கண்டுபிடித்தவள் சிரித்தாள். கோட்டைக் கண்டுபிடித்தவள் அருகில் வந்து தொட்டுப் பார்த்தாள். சித்தி தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தாள். மறுபடி மூழ்கினாள். நீந்தத் தெரியாதவள், இடுப்பளவு தண்ணீரில் எருமைபோல் புரண்டாள்.

அப்போதுதான் கத்திரி போனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். “எல்லாரும் வரிசையா நில்லுங்க! போட்டோ! ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும், நோட்டீஸ் போர்டுல போடணும்!”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். சித்தியும் நடுவில் நின்றாள். வேறு எங்கே போவாள்?

அவர் போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். பிறகு இறக்கினார். மேஜைமேல் பீஸைப் பரப்பிப் பார்ப்பதுபோல் கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று மேலிருந்து கீழே பார்த்தார். நான் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். 

“வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது,” என்றார். “எல்லாரும் உக்காருங்க. கழுத்து வரைக்கும் தண்ணியில உக்காருங்க. தலை மட்டும் தெரிஞ்சா போதும்.”

“தலை மட்டும் தெரிஞ்சா எவ எவன்னு எப்படி சார் தெரியும்?” என்றாள் ஓவர்லாக் அக்கா.

“உனக்கு வாய் தெரிஞ்சா போதும். உக்காரு.”

எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். அவர் படம் எடுத்தார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் படகை நோக்கி நடந்தார்.

சித்தி எழுந்தபோது இடது தோளில் தையல் விட்டு, துணி நாக்குப்போல் தொங்கியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. குனிந்து தன் கால்களைத்தான் பார்த்தாள். எலாஸ்டிக் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தாள், விட்டாள். டப்பென்று போய் ஒட்டிக்கொண்டது.

“காலு பிடிச்சுக்கிச்சுடீ!” என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது, உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். “தோளு விட்டா விடட்டும். தோளு என் வேலையா?”

திரும்பும்போது அவள் வலையில்தான் படுத்திருந்தாள், கவிழ்ந்து. அவளுக்கு அந்தப் பக்கம் ஓவர்லாக் அக்கா, இந்தப் பக்கம் நான். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.  அந்த நேரம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை வாசலில் புதுச் சட்டம் வந்தது: தலையில் கறுப்பு ரப்பர் பேண்டு தவிர வேறு எதுவும் கட்டக் கூடாது. சித்தி வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் போட்டோவையும் பலகையில் போட்டார்களாம். பச்சைத் தண்ணீரில் பூசணிக்காய்கள் மிதப்பதுபோல் வெறும் தலைகள். ஹெட் ஆபீசில் அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம்.

போன வருடம் கம்பெனியைக் கடலே இல்லாத வேறொரு ஊருக்கு மாற்றினார்கள். சித்தியும் போய்விட்டாள். பின்னறையில் இப்போது நான் இருக்கிறேன். பள்ளி முடித்துவிட்டேன், அடுத்து என்ன என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்கிறார்கள். மெஷின்மேல் என் புத்தகங்கள் கிடக்கின்றன. போனில் கேட்டால், சித்தி இன்னமும் கால்தான் தைக்கிறாளாம். ஆனால் பக்கத்து மெஷின்காரியிடம் கேட்டுக் கேட்டு, தோள் வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டுவிட்டாளாம்.

இதை எழுதியது ஒரு காரணத்துக்காக. உங்களுக்குத் தெரிந்த யாராவது கால் மட்டும், காலர் மட்டும், பொத்தான் ஓட்டை மட்டும் தைக்கிற வேலையில் இருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். சொல்லும்போது கத்திரி சாரை மட்டும் கெட்டவராக்கிவிடாதீர்கள்.