பெர்-பாஸ்த் நகருக்குப் போன பூனை

பெர்-பாஸ்த் திருவிழாவுக்குப் போகும் படகுகள் எல்லாம் பிதுங்கி வழிந்தன. காலையிலிருந்து இரேதிரு ஆற்றுப் படித்துறையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட அவளுக்காகக் கரை ஒதுங்கவில்லை.

நாணல் பாய் முடைந்து பிழைப்பவள். இடுப்பில் இருந்த கூடையும் அவள் முடைந்ததுதான். அதற்குள், உப்பில் உலர்த்தித் துணி சுற்றிய அவளுடைய பூனை மியு. பெர்-பாஸ்த் நகரில் புதைத்தால்தான் அது பூனைமுகம் கொண்ட பாஸ்தெத் தேவியிடம் போய்ச் சேரும். விழாவை விட்டால் அந்தப் பக்கம் போக அவளுக்குப் படகு ஏது?

கிலுகிலுப்பைச் சத்தத்தோடு பெரிய படகொன்று வந்தது. ஒவ்வொரு ஊர்க் கரையையும் உரசிப் போய், அங்கே நிற்கும் பெண்களை வம்புக்கு இழுப்பது விழா வழக்கம். முனையில் மதுக் கிண்ணத்தோடு நின்ற தாஷேரி என்பவள் தொடங்கினாள்:

"ஏண்டி, உன் புருவத்தை எலி தின்னுட்டுப் போயிருச்சா?"

படகே குலுங்கிச் சிரித்தது. இரேதிருவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எலி தின்னலடி! எலி பிடிக்கிறவ செத்துட்டா, அதுக்குத்தான் மழிச்சேன். உன் வீட்டுல பூனை செத்தா நாக்கையும் சேர்த்து மழிச்சுக்கோ, அவ்வளவு வளர்ந்து கெடக்கு!"

கூடையை உயர்த்திக் காட்டினாள். சிரிப்பு பட்டென்று நின்றது.

பூனை செத்த வீட்டில்தான் புருவம் மழிப்பார்கள் என்று தாஷேரிக்குத் தெரியாதா? மது மறக்கடித்துவிட்டது.

"ஐயோ, தேவியைப் பார்க்கப் போற வழியிலேயே தேவியோட பிள்ளையைக் கேலி பண்ணிட்டேனே! அண்ணே, படகை ஒதுக்குங்க!"

"இடம் எங்கம்மா இருக்கு? நீ வேணா இறங்கிக்கோ" என்றான் படகோட்டி.

"என் மடியில உக்காரட்டும். ஒதுக்குய்யா!"

இரேதிரு ஏறினாள். சற்று நேரத்தில் அவளும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். துக்கத்தில் பாடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகப் பாடினாள்.

மறுநாள் பெர்-பாஸ்த் வந்தது. அரசர்கள் மாறி மாறி மண் கொட்டி உயர்த்திய ஊர். கோயில் மட்டும் பழைய தரையிலேயே நின்றது. மேல் தெருவிலிருந்து பார்த்தால், கால்வாய் சுற்றிய கோயிலும் மரங்களும் உள்ளங்கையில் ஏந்தியதுபோல் கீழே தெரிந்தன.

"பாருடி மியு, உன் ஊரு!" கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அருகில் தாஷேரி விம்மி விம்மி அழுதாள்.

அன்றே பூனைகளுக்கான நிலத்தில் மியு அடங்கியது.

அடுத்த விழாவில் தாஷேரி இரேதிருவைப் படகின் முனைக்கு இழுத்து நிறுத்தினாள். "ஊரு வந்துருச்சு, திட்டுடி!"

"இருடி."

கரையில் நின்ற ஒவ்வொருத்தியின் புருவத்தையும் பார்த்தாள். எல்லோருக்கும் இருந்தது. பிறகுதான் வாயைத் திறந்தாள்.