யெப்பேயின் தோளில் ஓர் ஆட்காட்டி

சோல்வை எங்கள் கடைக்கு முதல்முறை வந்தபோது டாட்டூ போட்டுக்கொள்ள வந்தவள் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்கோட்டைக் கழற்றாமல், சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "இங்க வேலை கத்துக்க ஆள் எடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

கடையை நடத்தும் மால்த்தே அவளைவிட ரொம்பச் சின்னவன். குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "யாருக்கு, உன் பொண்ணுக்கா?" என்றான்.

"எனக்குத்தான்."

எங்கள் துறைமுக ஊரான எஸ்பியரில் பாதிப் பேர் அவள் கைவேலையைத் தின்றிருக்கிறோம். துறைமுகத்துக்கு இறங்கும் தெருவிலிருந்த பேக்கரியில் பிறந்தநாள் கேக்குகள் மேல் க்ரீமால் பூவும் பெயரும் போட்டது அவள்தான். மாவுத்தூசி அவள் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சிரைப்பு அதிகமாகி, இனி பேக்கரிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்படி மேசையில் உட்கார்ந்து பறவைகளாக வரைந்து தள்ளியிருக்கிறாள். கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் மால்த்தே கையுறையைக் கழற்றினான்.

"வரையிற, சரி. ஆனா கேக் கத்தாது. தோல் கத்தும்."

"பேக்கரி முதலாளியும் கத்துவாரு. பழக்கம்தான்."

சேர்த்துக்கொண்டான். பல மாதங்கள் மெஷினைத் தொடவே விடவில்லை. நாற்காலியைத் துடைப்பது, மெஷின் வயருக்கு உறை மாட்டுவது, ஊசிகளை அதற்கான டப்பாவில் போடுவது என்று போனது. பிறகு, பழகுவதற்கென்றே விற்கும் ரப்பர் தோலில் கோடு போடச் சொன்னான். அங்கேதான் தடுமாறினாள். இருபது வருடம் க்ரீம் பையைப் பிழிந்த கை. எதைப் பிடித்தாலும் அழுத்தியது. ஊசி ஆழம் போதாவிட்டால் மை நிற்காது, ஆழமாகப் போய்விட்டால் தோலுக்கடியில் கசிந்து கோடு கலங்கிவிடும்.

"இன்னும் பிழியிற சோல்வை," என்பான் மால்த்தே. அடுத்ததை எடுப்பாள். ஒருநாள் அவன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான். அன்று எங்கள் எல்லோருக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கி வந்தாள்.

முதல் டாட்டூ தன் தொடையிலேயே போட்டுக்கொண்டாள். அது எப்படி ஆறும் என்பதையும் அதில்தான் கற்றாள். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, தேய்க்காமல் காகிதத்தால் ஒற்றுவது, களிம்பை மெலிசாகத் தடவுவது. அரித்தால் சொறியக் கூடாது, பொருக்கு தானாக உதிர வேண்டும்.

அடுத்து அவள் கணவன் யெப்பே தோளைக் காட்டினான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். குளிர்காலம் பிறந்தால் கூட்டாளிகளோடு கடலில் முங்கி எழுந்து, நேராகச் சவுனா என்னும் சூடான வியர்வை அறைக்குள் போய் உட்காருவான். சோல்வை அவன் தோளில் ஓர் ஆட்காட்டிப் பறவையைப் போட்டாள். இறக்கை விரித்து, கொண்டை நிமிர்ந்து, அழகாகவே வந்திருந்தது.

"ஆறுற வரைக்கும் கடல் கிடையாது. சவுனாவும் கிடையாது," என்றாள்.

"சரிங்க டாக்டர்."

ஒரு வாரம் ஆவதற்குள் தோள் சிவந்து வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. காய்ச்சலும் வந்து, மாத்திரை எழுதி வாங்கினார்கள். எல்லாம் வற்றிய பிறகு பார்த்தால் ஒரு இறக்கை திட்டுத்திட்டாகக் காணாமல் போயிருந்தது.

சோல்வை கடைக்கு வந்து கையுறைப் பெட்டியை மேசையில் வைத்தாள். "நான் ஆழமா குத்திட்டேன். இல்லேன்னா எதையோ சரியா துடைக்கல. சொந்தப் புருஷனுக்கே சீழ் வச்சிருக்கு. இனிமே யார் தோலையும் தொட மாட்டேன்."

போட்ட அன்று எடுத்த படத்தை மால்த்தே பெரிதாக்கிக் காட்டினான். "கோட்டைப் பாரு. எங்கயாவது கலங்கியிருக்கா?"

அவள் பார்க்கவில்லை. அதன்பின் வரவுமில்லை. சூப்பர்மார்க்கெட்டில் மீன் பிரிவுக்கு ஆள் தேவை என்று பார்த்து மனு போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு மதியம் யெப்பே தனியாக வந்தான். நான் காபி கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"நான் கடல்ல இறங்கிட்டேன்," என்றான் கடைசியில். "சீசனோட முதல் குளியல். பொண்டாட்டி வரைஞ்ச குருவிக்குப் பயந்துட்டான்னு பசங்க ஓட்டினாங்க. பிளாஸ்டிக் தாளைச் சுத்திக்கிட்டுத்தான் போனேன். உள்ள தண்ணி போயிடுச்சு. அதோடயே சவுனாவுல உக்காந்தேன்."

மால்த்தே மெஷினை நிறுத்தினான். "இதை ஏன் என்கிட்ட சொல்ற?"

"அவகிட்ட நீ சொன்னா..."

"நான் சொல்ல மாட்டேன். அவ மீன் வெட்டப் போறதுக்குள்ள நீ போய்ச் சொல்லு."

வீட்டில் நடந்ததைப் பின்னால் சோல்வையே சொன்னாள். அவள் ரை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கிறான். தடவி முடித்து, அதைத் தின்றும் முடித்த பிறகுதான் வாய் திறந்தாளாம். "இத்தனை நாளா நான் என் கையை வெறுத்துக்கிட்டு இருந்தேன் யெப்பே. நீ எதிர்ல உக்காந்து சூப் குடிச்சிக்கிட்டு இருந்த."

கொஞ்ச நாள் அவள் மாடியறையில் படுத்துக்கொண்டாள். ஆனால் அவன் சொன்ன மறுநாள் காலையே கடைக்கு வந்துவிட்டாள். மால்த்தே அவள் பக்கம் ஒரு ரப்பர் தோலைத் தள்ளினான், அவ்வளவுதான்.

தோள் நன்றாகத் தேறியதும் யெப்பேயைக் கூட்டிவந்து, அழிந்த இறக்கையை மறுபடி போட உட்காரவைத்தாள். கோபத்தில் குத்திவிடுவாளோ என்று எனக்கே உள்ளூரப் பயம். அவள் கை வேறு யாருக்கும் போடுவது போலத்தான் லேசாக ஓடியது. ஓரிடத்தில் அவன் பல்லைக் கடித்ததும் நிறுத்தி, "கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ," என்றாள். அவன் தலையைக் குனிந்து மூச்சை இழுத்து விட்டான். இந்தமுறை சீசன் முடியும்வரை கரையிலேயே நின்று கூட்டாளிகளின் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது ஜன்னலோர நாற்காலி சோல்வையுடையது. யார் வந்தாலும் படத்தைக் கேட்பதற்கு முன், "கடல்ல குளிப்பியா?" என்று கேட்கிறாள். போன இலையுதிர்காலத்தில், தீவுக்குப் போகும் படகில் வேலை செய்யும் ஒரு பெண் நங்கூரம் போட்டுக்கொள்ள வந்தாள்.

"குளிப்பேன். ஆனா நடுவுல ஒரு வாரம் விட்டுடுறேன்," என்றாள்.

"ஒரு வாரம் பத்தாது. குளியல் சீசன் முடிஞ்சு ஏப்ரல்ல வா."

"ஏன், பக்கத்துத் தெருவுல இன்னிக்கே போட்டு விட்டுடுவாங்களே."

"போட்டுடுவாங்க," என்றாள் சோல்வை.

அந்தப் பெண் போய்விட்டாள். வந்த ஆளை விரட்டிவிட்டாயே என்று மால்த்தே அன்றெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஏப்ரலில் கதவைத் திறந்துகொண்டு அதே பெண் வந்தாள், கூடவே படகில் வேலை செய்யும் இன்னொருத்தியையும் அழைத்துக்கொண்டு. சோல்வை இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.