சீக்குவென்சருக்கு எலுமிச்சம்பழம்

முக்கூடல் கோயில் கொடைத் திருவிழாவில், பாடகர் பல்லவியைப் பிடித்த நேரத்தில் எங்கள் லேப்டாப் உறைந்துபோனது. தாளம் நின்றது. அவர் திறந்த வாயை மூடவும் முடியாமல் நின்றார். கூட்டம் விசிலடித்தது.

எங்கள் இன்னிசைக் குழுவின் முதலாளி அண்ணாச்சி, மறுவாரமே துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஹார்டுவேர் சீக்குவென்சர் ஒன்றை வாங்கிவந்துவிட்டார். தாளத்தை ஞாபகம் வைத்துத் தானே வாசிக்கும் சின்னப் பெட்டி அது.

“கம்ப்யூட்டர்ல கெடக்குத அடியெல்லாம் பைய இதுல ஊத்திரு, கிரேஸு.”

தாள அடிகளைக் குறித்துவைக்கும் மிடி பேட்டர்ன் அண்ணாச்சிக்குக் குடத்துத் தண்ணீர் மாதிரி. ஒவ்வொன்றையும் தனித்தனி மிடி ஃபைலாக எடுத்து, சேனல் பார்த்து ஏற்ற வேண்டும் என்றேன்.

“அதுக்குத்தான உன்னய வச்சிருக்கேன்?”

மேடையில் எல்லோரையும் அறிமுகப்படுத்தும்போது மட்டும் என்னை வைத்திருப்பது அவருக்கு மறந்துவிடும்.

ஏற்றினேன். பாளையங்கோட்டையில் சர்ச் கீபோர்டில் வளர்ந்தவள் நான். சோதிக்க உட்கார்ந்ததும் கை தானாகக் கிறிஸ்மஸ் பாட்டுகளின் பேட்டர்னைத்தான் தட்டியது. எல்லாம் அச்சுப் பிசகாமல் ஓடின. பெட்டி பிரமாதம் என்று நானே சான்றிதழ் கொடுத்தேன்.

அடுத்து ராதாபுரம் பக்கத்துத் தசரா குழு. குலசை அம்மன் கோயிலுக்கு வேடம் கட்டிப் போகிறவர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காளி வேடம் கட்டுகிறவர் நம் தாளத்துக்கு ஒரு சுற்று ஆடிப் பார்ப்பார். அவருக்கு உடம்பு சிலிர்த்தால்தான் அந்த சீசனுக்கு வாசிக்க நம்மைப் பிடிப்பார்கள். அண்ணாச்சி வேனிலேயே சொல்லிவிட்டார்: “இது கை நழுவுச்சுன்னா கம்ப்யூட்டருக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன், கேட்டியா?”

கொடை அடியை வைத்துப் பட்டனை அழுத்தினேன். காளி அண்ணன் கண்ணை மூடினார். கால் எடுத்தார், வைத்தார், எடுத்தார், வைத்தார். சுதந்திர தின அணிவகுப்பு போல இருந்தது. கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்னவே இது, போலீஸ் பரேடா?” என்றார் தசரா குழுத் தலைவர்.

அண்ணாச்சி சளைக்கவில்லை. “துபாய் மிசினுல்லா! அதுக்கு நம்மூர் அடி பிடிபட நேரமாவும்.”

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன்? பெட்டியின் திரையைப் பார்த்ததும்தான் புரிந்தது. கொடை அடியில் ஒரு தட்டுக்குள் மூன்று அடி விழும். பெட்டியோ ஒரு தட்டுக்கு நான்கு கட்டம் போட்டு வைத்திருந்தது. மூன்றை நான்கு கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைத்ததில் துள்ளல் செத்துவிட்டது. நான் தட்டிப் பார்த்த சர்ச் பாட்டுகள் நான்கு நான்காகப் போகிறவை. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லேப்டாப்பை வேனிலிருந்து எடுத்துவந்தேன். பெட்டியில் கட்டத்தை மூன்றாக மாற்றி, பேட்டர்னை மறுபடி அனுப்பினேன். அதற்குள் தலைவர் ஓர் எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவிப் பெட்டியின் மேல் வைத்தார், சரியாகத் திரையை மறைத்து. அதை ஒதுக்கி ஒதுக்கித்தான் வேலை பார்த்தேன்.

மறுபடி அழுத்தினேன். இரண்டாவது சுற்றிலேயே காளி அண்ணன் உடம்பு உதறியது. நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த சீசனுக்கு நீங்கள்தான் என்று தலைவர் அங்கேயே அண்ணாச்சிக்குத் துண்டு போர்த்தினார்.

“பாத்தியளா? பழம் வச்ச பொறவுல்லா அடி வருது!” என்றார் தலைவர்.

“நாந்தான் அப்பவே நெனச்சேன்” என்றார் அண்ணாச்சி.

நான் விடவில்லை. தட்டு, கட்டம், மூன்று, நான்கு என்று விரல் விட்டு விளக்கினேன். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

“அதெல்லாம் சரி தாயி. பழத்த மட்டும் எடுத்துராத” என்றார் தலைவர்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பேட்டர்னை ஏற்றும் முன் கட்டம் மூன்றா நான்கா என்று பாருங்கள். உங்கள் காதுக்குப் பழகியதை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். சரிசெய்துவிட்டால் யாருக்கும் விளக்கப் போகாதீர்கள். அன்று எனக்கு வேலை என்னவோ தப்பியது, விளக்கம்தான் எடுபடவில்லை. கூடவே இன்னொரு வேலையும் சேர்ந்தது: ஒவ்வொரு கச்சேரிக்கும் எலுமிச்சம்பழம் வாங்கிவருவது நான்தான்.