தங்கையின் பிறப்புப் பத்திரத்துக்கு முத்திரை வாங்க சிரம்பான் போய்வந்தேன்

என் தங்கை சரோஜாவுக்கு மதராஸில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போகிற முதல் பெண் அவள்தான். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயது ஆனதற்கு அத்தாட்சியாக, அரசாங்க முத்திரை வைத்த பிறப்புப் பத்திரத்தை அனுப்பச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இந்த வாரக் கப்பல் தபாலைத் தவறவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்பா இல்லை; வீட்டுக்கு மூத்தவள் நான். புதன்கிழமை ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகாமல் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நல்ல காரியத்துக்குப் போகிற கடுதாசியாயிற்றே என்று பத்திரத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு ஊரடங்கு முடிந்ததும் எங்கள் குடியிருப்பைச் சுற்றிப் போட்டிருக்கிற முள்வேலி கேட்டைத் திறப்பார்கள். சர்க்காரை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்து சண்டை போடுகிற ஆட்களுக்குச் சோறு போய்விடும் என்று ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் விடுவார்கள்.

"உள்ள என்னா வச்சிருக்க, அஞ்சல?" என்றாள் சோதனைக்கார அக்கா.

"கடுதாசிக்கா. சோறு இல்ல."

"எடுத்துக் காட்டு லா."

காட்டினேன். பஸ் நிற்கிற மந்தினுக்கு இரண்டு மைல் நடை. ஏழரை பஸ், சிரம்பானுக்கு ஐம்பது காசு, ஒன்பது மைல். வழியில் போலீஸ் எல்லாரையும் இறக்கி அடையாளக் கார்டு பார்த்ததில் இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. பிறப்புப் பதிவு ஆபீஸ் போய்ச் சேரும்போது மணி ஒன்பது.

என் முறை வந்ததும், எழுத்து வேலை பார்க்கிற கிராணி பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வியர்வையில் மஞ்சள் ஊறி, பிறந்த வருஷத்தின் மேலேயே ஏறியிருந்தது.

"என்னாம்மா இது? வருஷத்துல யாரோ கை வச்ச மாதிரி இருக்கு. இதுல தொரை கையெழுத்துப் போட மாட்டாரு."

கெடுத்தது நானேதானே! யாரைத் திட்டுவது?

"ஐயா, இந்தத் தாளு போனா போவுது. உங்க பெரிய புஸ்தகத்துல எந்தங்கச்சி பேரு இருக்கும்ல? அதப் பாத்துப் புதுசா எழுதிக் குடுங்க."

"தேடணும். அடுத்த வாரம் வாம்மா."

"அடுத்த வாரம் அவ சீட்டு இருக்காதுங்கய்யா. நாலு மணி பஸ்ஸு வரைக்கும் இங்கியே நிக்கிறேன்."

நின்றேன். பசி வயிற்றைக் கிள்ளியது, ஆனாலும் நகரவில்லை. நான் போகமாட்டேன் என்று தெரிந்ததும், இரண்டு மணிக்கு அவரே புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். ஒவ்வொன்றாகப் படித்து என்னிடம் சரிபார்த்தார். பெயர், தேதி, தோட்டம் எல்லாம் உரக்கப் படித்தவர், தகப்பனார் தொழில் வந்ததும் குரலை இறக்கி, "கூலி" என்றார். எனக்காகத்தான் அப்படிச் செய்தார், நல்ல மனுஷர்.

"சத்தமாவே படிங்கய்யா," என்றேன்.

படித்தார். வரிசையே திரும்பிப் பார்த்தது. புதுப் பத்திரத்தில் துரை கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். செலவு இரண்டு வெள்ளி. பக்கத்துத் தபாலாபீசிலேயே ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிட்டு, இரண்டு தோசை தின்று நாலு மணி பஸ் ஏறினேன். கேட் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது உள்ளே வந்துவிட்டேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அடையாளக் கார்டை மறக்காதீர்கள். மஞ்சளை உறையில் தடவுங்கள், பத்திரத்தில் வேண்டாம். வேலி தாண்டிச் சோறு கொண்டுபோக முடியாது, அதனால் காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். அங்கே எதைக் கேட்டாலும் உரக்கப் பதில் சொல்லுங்கள். மரம் வெட்டுகிறவன் பெற்ற பிள்ளை மதராஸுக்குப் படிக்கப் போகிறது, வரிசையில் நிற்கிற நாலு பேர் காதிலும் விழட்டுமே.