புனலில் ஒட்டியிருந்த மணல்

அன்று புதுச்சேரி கடற்கரையில் நான், என் மனைவி செல்வி, சவாரிக்கு வந்த ஒருவர், அவருடைய ஏழு வயது மகள், இந்த நாலு பேர்தான் இருந்தோம். வந்தவர் அவசரப்பட்டதால், மணலில் கிடந்த புனலைத் துடைக்காமலே நான் வாடகைக்கு விடும், மணலில் ஓடும் நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினேன்.

"தொடச்சிட்டு ஊத்துய்யா," என்றாள் செல்வி.

"ரெண்டு மணலு போனா வண்டி செத்துடுமா?" என்றேன்.

அவரும் மகளும் ஏறி அலையோரம் போனதும் வண்டி நின்றுவிட்டது. அவர் எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்குள் பெரிய அலை வந்து பிள்ளையை இழுத்துவிட்டது. "ஐயோ, பாப்பா!" என்று ஓடி, தண்ணீரில் துழாவினேன். பிள்ளையின் சட்டை கையில் சிக்கி, தூக்கியதும் அது இருமி அழுத பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பக்கத்துச் சாரம் பகுதி மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றி, அடைத்திருந்த மணலைக் காட்டினார். இப்போது புனலை டப்பாவில் மூடி வைத்து, வலை போட்டு வடிகட்டித்தான் ஊற்றுகிறேன்.

அன்று அந்த மனிதர் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நான் திருப்பித் தர வேண்டிய சவாரிக் காசு முந்நூறு ரூபாய் இன்னும் என்னிடமே இருக்கிறது.